ரப்பர் பாலும் ரெண்டு வால் கொழுப்பும்

அக்கா மகளோட உயிரியல் டியூட்டைப் புரட்டிப் பாத்ததுல இருந்து எனக்கு ஒரே எரிச்சல்.

ஏ.எல். பாடம். கலமென்சவ்வு. ஒரே ஒரு படம். மேல ஒரு வரிசை உருண்டை, கீழ ஒரு வரிசை உருண்டை, நடுவுல ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு வால் தொங்குது. பக்கத்துல குறிப்பு: பொசுபோலிப்பிட்டு இரட்டைப் படை. தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். சிங்கர், நிக்கல்சன், 1972. அவ்வளவுதான். அடுத்த பக்கம் போயிட்டாங்க.

பிள்ளை இதை எல்லாம் தலைகீழா ஒப்பிக்கிறா. ஆனா ஒரு கேள்வி கேட்டா பாருங்க: "சித்தி, இதுகள இப்படி வரிசையா அடுக்கினது யாரு?"

அசந்துட்டேன். இதைத்தானே கேக்கணும்!

கிளாஸ்லயும் கேட்டிருக்கா. "அது பேப்பருக்கு வராது"ன்னு பதில் வந்திருக்கு.

பேப்பருக்கு வராதாம். உலகத்துல உள்ள எல்லா உயிருக்கும் தோல் எப்படி வந்துச்சுங்கிற கேள்வி, பேப்பருக்கு வராதாம். (நான் படிச்சது பயோ, இப்போ மாத்தளை டவுன்ல கணக்கு எழுதுறேன். அதனால எனக்கு இந்த மாதிரி விஷயத்துல கொஞ்சம் கூடுதலாவே கோபம் வரும். பொறுத்துக்கங்க.)

பதில் சின்னதுதான். யாரும் அடுக்கல. தண்ணி அடுக்குது.

கொஞ்சம் விளக்கமா சொல்றேன். தேத்தண்ணி பக்கத்துல இருக்கட்டும்.

தண்ணி மூலக்கூறுகள் ஒண்ணை ஒண்ணு ஐதரசன் பிணைப்பால பிடிச்சுக்கிட்டே இருக்கும். ஆனா நிலையா பிடிக்காது. ஒரு பிணைப்பு நிக்கிற நேரம் வினாடியில லட்சம் கோடியில ஒரு சில பங்கு. விடும், அடுத்ததைப் பிடிக்கும், விடும், பிடிக்கும். இந்தச் சுதந்திரம்தான் அதுக்கு முக்கியம். இப்போ நடுவுல ஒரு கொழுப்பு வால் வந்து நிக்குதுன்னு வைங்க. அதுல பிடிக்க ஒண்ணும் கிடையாது. சுத்தி நிக்கிற தண்ணிக்கு எந்தப் பக்கம் திரும்பலாம்ங்கிற வாய்ப்பு குறைஞ்சு போயிடுது.

கல்யாண வீட்டுல பாத்திருப்பீங்க. சொந்தக்காரங்க எல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் கதைச்சுக்கிட்டு ஓடியாடித் திரியிறாங்க. மாப்பிள்ளையோட ஆபீஸ்ல இருந்து வந்த ஆளுங்க மட்டும், யாரும் போகச் சொல்லாமலே, ஒரு மூலை மேசையில சேந்து உக்காந்திருப்பாங்க. அவங்கள யாரும் வெறுக்கல. அவங்களுக்கும் யார் மேலயும் வெறுப்பு இல்ல. மத்தவங்க தங்களுக்குள்ள இருக்கிற பழக்கத்துலயே இருந்தாங்க, அவ்வளவுதான். வால்கள் ஒண்ணா ஒதுங்குறதும் இப்படித்தான். எண்ணெய்க்குத் தண்ணி மேல கோபம் கிடையாது. தண்ணிக்குத் தன்னோட ஆளுங்கதான் பெருசு.

வெறுக்கும்னு எழுதிக் குடுத்துட்டா பிள்ளைங்க வாலைத்தான் பாக்கும். பாக்க வேண்டியது தண்ணியை.

சரி, இதைப் பிள்ளைக்குக் காட்டணுமே. மாத்தளையில மிளகுக்கா பஞ்சம்?

ஒரு பீங்கான்ல தண்ணி. மேல மிளகுத்தூள். (நைசா அரைச்சது வேணும். கொரகொரப்பா இருந்தா மூழ்கித் தொலையும்.) விரல்ல பாத்திரம் கழுவுற திரவத்துல ஒரு சொட்டு தொட்டு நடுவுல வெச்சா, தூள் எல்லாம் ஓரத்துக்குப் பாயும். பிள்ளை கை தட்டினா. நான் சொன்னேன், இப்போ ரெண்டாவது சொட்டு வை.

ஒண்ணும் நடக்கல.

முதல் சொட்டுலயே தண்ணியோட மேல்பரப்பு முழுக்க சோப்பு மூலக்கூறு நின்னுடுச்சு. தலை தண்ணிக்குள்ள, வால் காத்துல. இடம் நிறைஞ்சு போச்சு. எனக்கு முதல் சொட்டை விட இந்த ரெண்டாவது சொட்டுதான் பிடிக்கும். இடம் நிறையும்ங்கிறதை வெச்சுத்தான் மூலக்கூறோட அளவையே கண்டுபிடிச்சாங்க.

பெஞ்சமின் பிராங்க்ளின் தெரியுமில்ல, அமெரிக்க நோட்டுல இருக்கிறவர். லண்டன்ல கிளாப்பம் பக்கம் ஒரு குளத்துல ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊத்தினார். காத்துல அலை அடிச்சுக்கிட்டு இருந்த தண்ணி சுமார் அரை ஏக்கருக்கு அப்படியே அடங்கிப் போச்சுன்னு 1774ல எழுதினார். அரை ஏக்கர்னா நம்ம கணக்குல 80 பேர்ச். தேக்கரண்டியை 5 மில்லிலீற்றர்னு வெச்சு வகுத்துப் பாருங்க. எண்ணெய்ப் படலத்தோட தடிப்பு 2.5 நனோமீற்றர் கிட்ட வரும். ஒரே ஒரு மூலக்கூறு தடிப்பு! ஆனா மனுஷன் வகுத்துப் பாக்கல. பக்கத்துல ஒரு கணக்குப்பிள்ளை இருந்திருக்கணும்.

அதுக்கு நூறு வருஷத்துக்கு அப்புறம் ஜெர்மனியில ஒரு பொண்ணு. ஆக்னெஸ் பொக்கல்ஸ். அந்தக் காலத்துல அங்க பொம்பளைங்களுக்குப் பல்கலைக்கழகம் கிடையாது. அம்மா அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, வீட்டு வேலை முழுக்க இவ தலையில. பாத்திரம் கழுவுற தண்ணியைப் பாத்துக்கிட்டே இருந்தவ, தகரத் தொட்டி ஒண்ணுல தண்ணி நிரப்பி, குறுக்கால ஒரு தகரப் பட்டையை நகர்த்தி, மேல இருக்கிற எண்ணெய்ப் படலத்தை நெருக்கி நெருக்கி அளந்தா. 1891ல ரேலி பிரபுங்கிற விஞ்ஞானிக்குக் கடிதம் போட்டா. அவர் அதை 'நேச்சர்' சஞ்சிகைக்கு அனுப்பி அச்சுல வர வெச்சார். (அந்த மனுஷனை இதுக்காகவே மதிக்கிறேன். தன் பேர்ல போட்டிருக்கலாமே, போடல.) 

பொக்கல்ஸ் வழியில வந்த தொட்டியை வெச்சுத்தான் 1925ல லெய்டன்ல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேர் செங்குருதிக் கலத்தோட கொழுப்பைப் பிரிச்செடுத்து தண்ணி மேல பரப்பினாங்க. கலத்தோட மேற்பரப்பு மாதிரி ரெண்டு மடங்கு இடம் பிடிச்சுது. அப்போ கலத்தைச் சுத்தி ரெண்டு படை! இதுல வேடிக்கை என்னன்னா, அவங்க கொழுப்பை முழுசாப் பிரிக்கல. கலத்தோட பரப்பையும் குறைச்சு அளந்திருந்தாங்க. ரெண்டு பிழையும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி விடை சரியா வந்துடுச்சு. கணக்கு எழுதுறவ நான், இந்த அதிர்ஷ்டம் எனக்கு ஒரு வருஷ முடிவுலயாவது வந்திருக்கா?

இனி முக்கியமான இடம். சோப்புக்கும் தலை இருக்கு, வால் இருக்கு. அப்புறம் ஏன் சோப்பால கலம் கட்ட முடியாது?

வால் எண்ணிக்கை.

சோப்புக்கு ஒரு வால். தலை அகலம், வால் ஒல்லி, மொத்தத்துல கூம்பு வடிவம். கூம்புகளைப் பக்கத்துல பக்கத்துல வெச்சா வளைஞ்சுக்கிட்டே போய் குட்டி உருண்டையாகிடும். உள்ள முழுக்க வால்தான், வேற எதுக்கும் இடமில்ல. பொசுபோலிப்பிட்டுக்கு ரெண்டு வால். தலையும் வாலும் ஏறக்குறைய ஒரே அகலம், உருளை வடிவம். உருளைகளை அடுக்கினா தட்டையா ஒரு விரிப்பு வரும். ஒரு பக்கம் தலை, மறுபக்கம் வால். வால் பக்கம் தண்ணியில நிக்க ஏலாதே, அதனால இன்னொரு விரிப்பு வந்து வாலோட வால் சேரும். அதுதான் இரட்டைப் படை. தடிப்பு 4, 5 நனோமீற்றர்.

அப்பவும் விரிப்போட ஓரத்துல வால் தெரியுமே? அதுக்கும் தண்ணி விடாது. விரிப்பு வளைஞ்சு ஓரத்தோட ஓரம் ஒட்டி ஒரு பையாகிடும். உள்ள தண்ணி, வெளியில தண்ணி, நடுவுல சவ்வு. ஊசியால குத்தினாலும் ஓட்டை தானா மூடும். (குழந்தை இல்லாதவங்களுக்குச் செய்யுற சிகிச்சை ஒண்ணுல முட்டைக் கலத்துக்குள்ள ஊசியாலதான் விந்தை வைக்கிறாங்க. ஊசியை எடுத்ததும் சவ்வு மூடிக்கும். மூடலேன்னா அந்தச் சிகிச்சையே கிடையாது.)

இதைக் கண்ணால பாக்க ஆசை. ஒரு டீச்சர் தோழி புண்ணியத்துல பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி ஒண்ணு கிடைச்சுது. பார்மசியில லெசித்தின் கப்சியூல் வாங்கி உடைச்சுத் தண்ணியில விட்டேன். வெறும் எண்ணெய்த் துளி. கப்சியூலுக்குள்ள லெசித்தினோட எண்ணெயையும் கலந்துதான் அடைக்கிறாங்க. அப்புறம் கேக் சாமான் விக்கிற கடையில குருணையா சோயா லெசித்தின் கிடைச்சுது. ஒரு குருணையைக் கண்ணாடித் தட்டுல வெச்சு, மூடி போட்டு, ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி.

அடேங்கப்பா.

தண்ணி தொட்ட இடத்துல இருந்து குழாய் குழாயா முளைக்குது. நெளியுது, நீளுது, வளைஞ்சு திரும்புது. உயிர் இருக்கிற மாதிரியே. ஒரு உயிரும் இல்ல, வெறும் கொழுப்பும் தண்ணியும்! பிள்ளை கண்ணை எடுக்கவே இல்ல. 1854லயே பிர்ச்சோங்கிறவர் இதைப் பாத்து எழுதி வெச்சிருக்கார். 1960கள்ல இங்கிலாந்துல பாபிரகாம்ங்கிற இடத்துல அலெக் பாங்கம்ங்கிறவர் காஞ்ச லெசித்தின் படலத்துல தண்ணி விட்டுக் குலுக்கி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில வெச்சுப் பாத்தார். வெங்காயத் தோல் கணக்கா படை மேல படையா பைகள். லைப்போசோம்னு இப்போ முகத்துக்குப் பூசுற கிறீம் வரைக்கும் விக்கிறாங்களே, அது இதுதான். 2021ல நமக்குப் போட்ட பைசர் ஊசியில மருந்தைப் பொத்தி வெச்சிருந்த கொழுப்பு உருண்டையிலயும் ஒரு பங்கு பொசுபோலிப்பிட்டுதான்.

டியூட் படத்துல இன்னொரு குறை. அசையாம நிக்குது. உண்மையில ஒரு மூலக்கூறு தன் படைக்குள்ள ஒரு வினாடியில 2 மைக்குறோமீற்றர் அளவுக்குப் போயிடும். ஒரு பக்டீரியாவோட முழு நீளம். மேல் படையில இருந்து கீழ் படைக்குத் தாவுறதுதான் அபூர்வம். தலை நடுவுல இருக்கிற வால் காட்டைத் தாண்டணுமே. (குளிர்ல இந்த ஓட்டம் இறுகும். வாழைப்பழத்தை பிரிட்ஜுல வெச்சா தோல் கறுக்குதே, அதுக்கு ஒரு காரணம் இது. சூட்டு நாட்டுப் பழம், அதோட சவ்வு அந்தக் குளிருக்குச் செஞ்சதில்ல. இறுகிக் கசியும், உள்ள தனித்தனியா இருந்த நொதியும் மத்ததும் கலக்கும், கறுக்கும். வாழைப்பழத்தை வெளியிலயே வைங்க.)

இவ்வளவு தூரம் வந்துட்டு ரப்பருக்கு வராம இருக்க முடியுமா?

மாத்தளைன்னா எல்லாரும் மிளகு, கொக்கோ, ஸ்பைஸ் கார்டன்னு சொல்லுவாங்க. ரப்பரை மறந்துடுவாங்க. உக்குவெல பக்கம் எங்க மாமா ஒருத்தருக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கு. காலையில வெள்ளனவே போய்ட்டோம், ஏன்னா பால் வெட்டு வெள்ளனத்தான். வெயில் ஏறினா இலை தண்ணியை இழுக்கும், பட்டைக்குள்ள அழுத்தம் இறங்கிடும். விடியுற நேரத்துல பால் குழாய்க்குள்ள அழுத்தம் 10 வளிமண்டலம் கிட்ட இருக்கும். கார் டயருக்கு 2 சொச்சம்தான்.

வெட்டுற அக்கா மெல்லிசா ஒரு சீவு சீவினாங்க. பட்டை சுருளா விழுந்துச்சு. அடுத்த நொடி வெள்ளைக் கோடு. ஓடி, தகரத்துல வழிஞ்சு, சிரட்டையில சொட்டுது.

"அக்கா, எவ்வளவு நேரம் ஓடும்?"

"அது தானா நிக்கும் தங்கச்சி. நின்னாத்தானே மரம் பொழைக்கும்."

நானும் அந்த அக்காவும் ஒரே விஷயத்தைத்தான் பேசுறோம்னு அப்பவே தோணிச்சு. நிக்குறது எப்படின்னு சொல்றேன், ஆனா முதல்ல பால்.

ரப்பர் பால்ல 100 பங்குக்கு 30, 40 பங்கு ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணி. ரப்பருக்கும் தண்ணிக்கும் ஆகவே ஆகாது. அப்புறம் எப்படி ஒண்ணா ஓடுது? ரப்பர் குட்டி குட்டி உருண்டைகளா இருக்கு. பெருசு 3 மைக்குறோமீற்றர் வரைக்கும். ஒவ்வொரு உருண்டையைச் சுத்தியும் பொசுபோலிப்பிட்டும் புரதமும் சேந்த ஒரு தோல். அந்தத் தோல்ல மறை ஏற்றம். எல்லாத்துக்கும் ஒரே ஏற்றம்ங்கிறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், ஒட்டாது.

இப்போ கேள்வி. அந்தத் தோல் எத்தனை படை?

பிள்ளை யோசிக்காம "ரெண்டு"ன்னா. டியூட்ல அப்படித்தானே.

ஒண்ணுதான்!

கலத்துக்கு உள்ளயும் தண்ணி, வெளியிலயும் தண்ணி. ரெண்டு பக்கமும் தலை வேணும், அதனால ரெண்டு படை. ரப்பர் உருண்டைக்கு உள்ள தண்ணியே இல்ல, ரப்பர்தான். வால்களுக்கு அதுவே வீடு. வெளிப்பக்கம் மட்டும் தலை இருந்தா போதும். ஒரு படை.

பிள்ளை முகத்துல விளக்கு எரிஞ்சுது. உள்ள என்ன இருக்குன்னு கேட்டாலே படை எத்தனைன்னு தெரிஞ்சுடும். எதுக்கு மனப்பாடம்?

அதோட விடல நான். "மாட்டுப்பால் கொழுப்புத் துளிக்கு?"ன்னு கேட்டேன். உள்ள நெய், வெளியில தண்ணி. ஒண்ணுன்னா. நியாயமான பதில். ஆனா மூணு! துளி கலத்துக்குள்ள உருவாகும்போது ஒரு படை. அது கலத்தை விட்டு வெளிய வரும்போது கலத்தோட மென்சவ்வையே பிடுங்கிப் போத்திக்கிட்டு வருது. அது இன்னும் ரெண்டு. மத்து போட்டுக் கடையும்போது இந்தப் போர்வை கிழிஞ்சுதான் வெண்ணெய் திரளுது. கிழிஞ்ச போர்வை மோர்ல போயிடும். பொசுபோலிப்பிட்டு வேணும்னா மோரைக் குடிங்க, கப்சியூல் வாங்காதீங்க.

திரும்ப மரத்துக்கு. பால்ல ரப்பர் உருண்டை மட்டும் இல்ல, லூட்டொயிட்டுன்னு இன்னொரு வகைப் பையும் மிதக்குது. அதுக்கு உள்ள தண்ணிதான், ஆனா அமிலத் தண்ணி. மக்னீசியம், கல்சியம், நேர் ஏற்றம் உள்ள புரதம் எல்லாம் அடைச்சு வெச்சிருக்கு. பட்டையை வெட்டினதும் அழுத்தம் சட்டுனு இறங்கும். பக்கத்துக் கலங்கள்ல இருந்து தண்ணி உள்ள பாயும். லூட்டொயிட்டு ஊதி வெடிக்கும். உள்ள இருந்த நேர் ஏற்றம் வெளிய வந்து ரப்பர் உருண்டையோட மறை ஏற்றத்தை அடிச்சுப் போட்டுடும். தள்ள ஆளில்ல, எல்லாம் ஒட்டும், குழாய் வாய் அடைபடும். அடுத்த வெட்டுக்கு வரும்போது கோட்டுல இருந்து உரிச்செடுக்கிறாங்களே ஒட்டுப்பால், அது இப்படி அடைச்சதுதான். 

பால் தூக்கி வந்து தட்டுல ஊத்தி போமிக் அசிட் விடுறாங்களே, அதுவும் இதே வேலை. மரம் செய்யுறதை வாளியில செய்யுறோம். ஒட்டக் கூடாது, திரவமாவே கையுறை பக்டரிக்குப் போகணும்னா அமோனியா விடுவாங்க. அதுல ஒரு வினோதம். அமோனியாவுல நாளாக ஆக பொசுபோலிப்பிட்டு உடைஞ்சு கொழுப்பமிலம் பிரிஞ்சு சோப்பாகும். அந்தச் சோப்பு உருண்டைகளைச் சுத்தி நின்னு பாலை இன்னும் உறுதியாக்கும். பழைய காவலாளி உடைஞ்சு புதுக் காவலாளி.

ஒரு போத்தல் பால் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நேரா நுணுக்குக்காட்டியில வெச்சா வெறும் வெள்ளை. ஒரு சொட்டை ஒரு கிளாஸ் தண்ணியில கலக்கி, அதுல இருந்து ஒரு சொட்டு எடுத்தாத்தான் தெரியும். 400 மடங்குல பாத்தா ஆயிரம் புள்ளி, எல்லாம் நடுங்குது. ஓயவே இல்ல. தண்ணி மூலக்கூறு இடிக்கிற இடி. ஓரத்துல ஒரு சொட்டு தேசிக்காய்ப் புளி விட்டேன். புளி போற வழியெல்லாம் புள்ளிகள் சேந்து, கொத்தாகி, கொத்து கனத்து, ஆட்டம் நின்னு போச்சு. பிள்ளை மெதுவா "தோல் போச்சு"ன்னா. தோல் இருக்கு கண்ணு, ஏற்றம்தான் போச்சு.

மாத்தளையில உயிரியல் படிப்பிக்கிற சேர்மாருக்கும் டீச்சர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். நம்ம வீட்டுப் பக்கத்து மரத்துலயே பாடம் ஒழுகுது. ஒரு போத்தல் பால், ஒரு தேசிக்காய், அலுமாரியில தூசு பிடிச்சுக் கிடக்கிற நுணுக்குக்காட்டி, அவ்வளவுதான் செலவு. போமிக் அசிட்டைப் பிள்ளைங்க கையில குடுக்காதீங்க, தோல் வெந்துடும், தேசிக்காய் போதும். ரப்பர் பால் ஒத்துக்காத பிள்ளைங்களும் இருப்பாங்க, முதல்லயே கேட்டுக்கங்க. பால் அன்னைக்கே எடுத்ததா இருக்கணும், மத்தியானம் தாண்டினா புளிச்சுத் தானாத் திரைய ஆரம்பிச்சுடும்.

இன்னொண்ணு, வெள்ளை யூனிபோமோட தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. ரப்பர் பால் பட்டு காஞ்சா அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது.